வாயிலிலேயே திரும்பும் கணினி

திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அத்துறைமுகத்தின் உட்பகுதியை ஒட்டி எழுந்து நிற்கும் மேட்டுநிலத்துக்கு ஆங்கில வழக்கில் ஓர்ஸ் ஹில் என்று பெயர். தமிழ் வழக்கில் உவர்மலை. விவேகானந்தாக் கல்லூரி அமைந்திருப்பதும் அங்கேதான். அப்பகுதியில் உள்ள வீடொன்றில் நிகழக்கூடிய ஒரு சிறு சம்பவத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், இன்று பலரை மலைக்கச் செய்யும் ஒரு கணினிக் குறையின் இயல்பும் அதனைத் தீர்க்கும் முறையும் எளிதில் விளங்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அவ்வீட்டில் வாழ்கிறார் என்று கொள்ளலாம். அவருடைய மேசைக் கணினி பழையது. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அப்பழைய இயந்திரத்துக்கு இல்லை. நன்றாக இயங்கும் பொருளைத் தூக்கி எறிய மனமின்றி, அவருடைய மருமகன் அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தார். விலையின்றிக் கிடைப்பதும், பழைய இயந்திரத்திலும் இலகுவாக ஓடுவதுமான அவ்வியங்குதளம் ஆசிரியருக்குப் பிடித்துப்போயிற்று.

அக்கணினியில் இருப்பவை சாதாரணக் கோப்புகள் அல்ல. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோளில் அக்குடும்பத்தின் கடிதங்களும் புகைப்படங்களும் காணி உறுதிகளும் அழிந்துபோயின. பின்னர் கனடாவிலும் கொழும்பிலும் உள்ள உறவினரிடமிருந்து ஒவ்வொரு பிரதியாகத் தேடிப் பெற்று, அவற்றைக் கணினியில் ஏற்றித் தமிழில் பெயரிட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார் ஆசிரியர். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பேத்தியின் குறிப்புகளும் அதிலேயே உள்ளன. வேறெங்கும் பிரதி இல்லை.

ஒரு மாலை வேளை அவர் கணினியைத் திறக்கிறார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை வழக்கம்போல் தோன்றுகிறது. கடவுச்சொல்லைத் தட்டுகிறார். திரை ஒரு கணம் கறுக்கிறது. மீண்டும் அதே திரை, அதே கேள்வி. மறுபடியும் தட்டுகிறார், மறுபடியும் அதே நிகழ்ச்சி. கடவுச்சொல் பிழை என்று கணினி சொல்லவுமில்லை, உள்ளே விடவுமில்லை.

“அப்பப்பா, கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களோ?” என்று கேட்கிறாள் பேத்தி.

“இல்லைப் பிள்ளை, நேற்றும் இதே சொல்தான். பிழையாக அடித்தால் பிழை என்று சொல்லுமே, இது ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிறது” என்கிறார் ஆசிரியர்.

செய்தி அயலில் பரவுகிறது. கணினி தெரிந்தவர் என்று பெயர் பெற்ற ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழி என்று கூறுகிறார். அவ்வாறு செய்தால் குறை தீரும் என்பது உண்மையே. ஆயின் கடற்கோளுக்குப் பின் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்தவை அனைத்தும் அதனுடன் போய்விடும். இத்தனைக்கும் அக்குறை ஒரு சிறு கோப்பின் உரிமையைப் பற்றியதாக இருக்கக்கூடும். ஒரே வரியில் தீரக்கூடியதாகவும் இருக்கக்கூடும்.

ஆசிரியர் சொன்ன வார்த்தையிலேயே குறையின் திறவுகோல் இருக்கிறது. கடவுச்சொல் பிழையாயின் கணினி அதனை வெளிப்படையாகக் கூறும். விசைப்பலகை ஆங்கிலத்துக்குப் பதிலாக ரெங்கநாதன் முறைத் தமிழ் விசைப்பலகையாக மாறியிருந்தாலும், ‘கப்ஸ் லொக்’ விசை அழுந்தியிருந்தாலும் நேர்வது அதுவே. பிழை என்ற அறிவிப்புத் தோன்றும். அறிவிப்பு எதுவுமின்றித் திரை கறுத்துத் திரும்புமாயின், கடவுச்சொல் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே பொருள். கதவு திறந்தது; உள்ளே சென்றவருக்கு நிலைகொள்ள முடியவில்லை; ஆகவே வெளியே வந்துவிட்டார்.

இதனைத் துறைமுகத்தின் செயலோடு ஒப்பிடலாம். கப்பலொன்று துறைமுக வாயிலை அணுகுகிறது. அதன் பத்திரங்கள் ஆராயப்படுகின்றன. எல்லாம் ஒழுங்காயிருப்பதால் உள்ளே வர அனுமதி கிடைக்கிறது. ஆயின் உள்ளே வந்தபின் இறங்குதுறையில் இடமில்லை. அல்லது கயிறு கட்டவேண்டிய தூணை வேறொருவர் தமதென்று பிடித்துக்கொண்டிருக்கிறார். கப்பல் வேறு வழியின்றித் திரும்பி வாயிலுக்கு வருகிறது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் அனுமதியில் குறையில்லை, தரிப்பிடத்தில்தான் குறை.

லினக்ஸ் கணினியில் இவ்விரு வேலைகளையும் செய்வோர் வேறு வேறு. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்கும் வாயிற்காவலன் ஒரு தனி நிரல். லினக்ஸ் மின்ட்டில் அதன் பெயர் லைட் டீஎம். உபுண்டுவின் வழமையான பதிப்பில் ஜீடிஎம். வாயிற்காவலன் தான் பெற்ற கடவுச்சொல்லைப் ‘பாம்’ என்று சுருக்கமாக வழங்கும் சரிபார்ப்பு அமைப்பிடம் ஒப்படைக்கிறான். அது சரியென்று கூறிய பின்னரே அமர்வு என்னும் மூன்றாம் கட்டம் தொடங்குகிறது. பயனருடைய வீட்டு அடைவு திறக்கப்பட்டு, அங்குள்ள தொடக்கக் கட்டளைகள் படிக்கப்பட்டு, சாளரங்களும் பட்டிகளும் ஒவ்வொன்றாக எழுப்பப்படுகின்றன. இம்மூன்றாம் கட்டத்தில் ஏதேனும் ஒன்று முறிந்தால் அமர்வு முடிந்துவிட்டது என்றே வாயிற்காவலன் எண்ணுகிறான். பயனர் தாமாக வெளியேறியபோது செய்வதுபோலவே மீண்டும் தன் கேள்வித் திரையை விரிக்கிறான். உட்புகு வளையம் என்று கூறத்தக்க இந்நிகழ்ச்சியின் முழு விளக்கமும் இவ்வளவே.

நிற்க. முன்வாயில் இவ்வாறு திருப்பி அனுப்பும்போது உள்ளே நுழைய வேறு வழியுண்டோ எனில், உண்டு. அது முன்வாயிலைவிடப் பழையது. லினக்ஸின் முன்னோடியாகிய யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்தபோது, படமும் சாளரமும் கொண்ட திரை அதற்கு இல்லை. எழுத்தால் கட்டளையிட்டு எழுத்தால் விடை பெறுவதே அன்றைய முறை. இன்று நாம் காணும் சாளரங்களுக்கு அடிப்படையாக விளங்கிய எக்ஸ் சாளர முறைமை 1984இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாயிற்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் கருவை வெளியிட்டபோது, யுனிக்ஸின் எழுத்துவழியையே முதலில் பின்பற்றினார். ஆகவே இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் சாளரத் திரைக்குப் பின்னால் எழுத்துத் திரைகள் சில காத்திருக்கின்றன. சாளரங்கள் சாய்ந்தாலும் அவை சாய்வதில்லை.

கேள்வித் திரை தோன்றியிருக்கும்போது கொன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் கறுப்புத் திரையொன்று வரும். மடிக்கணினி சிலவற்றில் ‘எஃப் என்’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். அங்கே பயனர் பெயரைத் தட்டி, அதன்பின் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டும்போது புள்ளிகூடத் திரையில் தோன்றாது. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று அஞ்சி இடையில் நிறுத்திவிடுவோர் பலர். பக்கத்தில் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியலாகாது என்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. முழுவதையும் தட்டி முடித்து ‘என்டர்’ விசையை அழுத்தினால் போதும். சாளரத் திரைக்குத் திரும்ப, லினக்ஸ் மின்ட்டில் அதே இரு விசைகளுடன் எஃப் 7ஐ அழுத்துவது வழக்கம்.

எழுத்துத் திரையில் உள்ளே நுழைய முடிந்தால், பாதி ஐயம் தீர்ந்தது. கடவுச்சொல் சரி, கணக்கு சரி, வீட்டு அடைவும் இருக்கிறது. எஞ்சியது சாளர அமர்வின் குறை மட்டுமே.

தமிழில் கோப்புகளுக்குப் பெயரிடுவோர் இவ்விடத்தில் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை ‘எல், எஸ்’ என்னும் இரு சிறிய எழுத்துகள். அதனைத் தட்டியவுடன் ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காகத் தோன்றும். தமிழ்ப் பெயர்கள் தோன்றவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்களோ பொருளற்ற குறிகளோ நிற்கும். கோப்புகள் சிதைந்துவிட்டன என்று கலங்குவது இயல்பு. ஆயின் அவை சிதையவில்லை. அந்த எழுத்துத் திரை ஒரு நேரத்தில் 512 வடிவங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாதது. மெய்யும் உயிர்க்குறியும் கூடித் தமிழெழுத்து உருக்கொள்ளும் முறையையும் அது அறியாது. பெயர் வட்டில் பழுதின்றியே இருக்கிறது. படித்துக் காட்டும் கண்ணுக்குத்தான் தமிழ் தெரியவில்லை. சாளரத் திரை மீண்டவுடன் எல்லாப் பெயர்களும் பழையபடி விளங்கும்.

இனி, குறையைத் தேடும் ஒழுங்கு. உட்புகு வளையத்துக்குக் காரணங்கள் பல எனினும், பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து கிளைப்பவை. அமர்வு தொடங்கும்போது சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத முடியாவிட்டால் அது நிலைக்காது. எழுத முடியாமைக்கு இடமின்மை, அனுமதியின்மை, வட்டே எழுத்தை மறுத்தல் என மூன்று வழிகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் நன்று.

முதலாவது இடமின்மை. ‘டிஸ்க் ஃப்ரீ’ என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாகிய ‘டீ, எஃப்’ இரண்டையும் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடொன்றும் ‘எச்’ என்னும் எழுத்தும் இட்டால், வட்டின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை விழுக்காடு நிறைந்துள்ளது என்பது தெரியும். முதன்மைப் பகுதிக்கு எதிரே 100 என்று இருக்குமாயின் காரணம் கையில் கிடைத்துவிட்டது. லினக்ஸில் பெரிதும் பயன்படும் ‘எக்ஸ்ட் 4’ வட்டமைப்பு, மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை முதன்மை நிருவாகிக்கென ஒதுக்கிவைப்பது வழக்கம். ஆகவே சாதாரணப் பயனருக்கு ஓர் எழுத்துக்கும் இடமில்லாதபோதும் நிருவாகியின் வேலைகள் நடக்கும். கணினி எழும்பி வாயில் வரை வருவதும், வீட்டுக்காரர் மட்டும் உள்ளே நிலைக்க முடியாமற் போவதும் இதனாலேயே.

வீடியோப் படங்களை அழித்தோமே, இடம் எவ்வாறு தீர்ந்தது என்று வியப்போர் உண்டு. சாளரத் திரையில் அழித்த கோப்பு குப்பைக் கூடைக்குத்தான் போகிறது. கூடையைக் கொட்டும் வரை அதன் இடம் விடுபடுவதில்லை. எழுத்துத் திரையில் சொந்தக் கோப்புகளை அழிக்கத் தொடங்குதல் ஆபத்து. அங்கே குப்பைக் கூடை இல்லை, போனது போனதே. முதலில் ‘சுடோ ஆப்ட் கிளீன்’ என்னும் கட்டளையால், மென்பொருள் நிறுவலின்போது சேர்ந்த பழைய பொதிகளைத் துப்புரவாக்கலாம். அவை மீண்டும் தரவிறக்கக் கூடியவை, இழப்பில்லை. சில நூறு மெகாபைட் விடுபட்டாலும் சாளர அமர்வு எழுந்துவிடும். மீதியை அங்கே நிதானமாகச் செய்யலாம்.

இரண்டாவது அனுமதியின்மை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. பயனருடைய வீட்டு அடைவில் உள்ளவை பொதுவாக அவர் பெயரிலேயே இருக்கும். ‘ரூட்’ எனப்படும் முதன்மை நிருவாகியோ எதையும் திறக்கவும் எதையும் தன் பெயரில் எழுதவும் வல்லவர். ‘சுடோ’ என்னும் சொல்லைக் கட்டளைக்கு முன் இட்டால், அவ்வொரு கட்டளையளவில் பயனர் நிருவாகியாகிவிடுகிறார். மென்பொருள் நிறுவ இது தேவை. ஆயின் சாளரங்களோடு இயங்கும் நிரல்களையோ சாளரத் திரையையே ‘சுடோ’வுடன் தொடங்கினால், அது எழுதும் சிறு கோப்புகள் பயனரின் வீட்டுக்குள்ளே நிருவாகியின் பெயரில் பதிந்துவிடக்கூடும். அடுத்த நாள் வீட்டுக்காரர் வந்து, தம் வீட்டில் தாமே தொட முடியாத பொருளொன்றைக் காண்கிறார்.

இவ்வாறு பெரிதும் இடருண்டாக்குவது ‘எக்ஸ் அத்தாரிட்டி’ என்னும் கோப்பு. அதன் பெயர் புள்ளியொன்றோடு தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் தோன்றாது. ‘எல், எஸ்’ஸுக்குப் பின் இடைவெளியும் சிறுகோடும் ‘எல், ஏ’ என்னும் எழுத்துகளும் சேர்த்தால் தோன்றும். அமர்வொன்று தொடங்கும்போது சாளர முறைமை இரகசியக் குறியொன்றை உண்டாக்கி அக்கோப்பில் எழுதச் செய்கிறது. அந்தக் குறியைக் காட்டும் நிரலுக்கே திரையில் வரைய உரிமை. திரையரங்கின் நுழைவுச்சீட்டுப் போன்றது அது. சீட்டை எழுதவும் படிக்கவும் பயனருக்கு அனுமதி இல்லையெனில், அவருடைய நிரல் எதுவும் திரையை அணுக முடியாது, அமர்வு முறிகிறது. லைட் டீஎம் காவல்புரியும் கணினிகளில் இக்கோப்பு வீட்டு அடைவிலேயே இருப்பதால் இக்குறை அடிக்கடி நேரும். ஜீடிஎம் அதனை வேறிடத்தில் வைப்பதால் அங்கே அரிது.

பட்டியலின் நடுவில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் பெயர் இருக்கும். எக்ஸ் அத்தாரிட்டிக்கு நேரே பயனர் பெயருக்குப் பதிலாக ‘ரூட்’ என்று இருப்பின் அதுவே குற்றவாளி. அதனை அழிக்க வேண்டியதில்லை. பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தால் போதும். ‘எம், வீ’ என்னும் கட்டளைக்குப் பின் பழைய பெயரையும், அடுத்து முடிவில் ‘ஓல்ட்’ என்று சேர்த்த புதுப்பெயரையும் எழுத வேண்டும். கோப்பு நிருவாகியுடையதாயினும் அது கிடக்கும் அடைவு பயனருடையது ஆகையால், பெயர் மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. அடுத்த முறை உள்ளே நுழையும்போது புதிய கோப்பொன்று தானாகவே உருவாகும்.

வீட்டு அடைவு முழுவதுமே நிருவாகியின் பெயரில் மாறிவிடுவதும் உண்டு. அப்போது ‘சுடோ’வுடன் உரிமை மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தி வீட்டு அடைவை மட்டும் பயனர் பெயருக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பதற்றத்தில், எல்லாக் கோப்புகளையும் எல்லோரும் படிக்கவும் எழுதவும் திறந்துவிடும் 777 என்னும் அனுமதியை வழங்குமாறு சிலர் அறிவுரை கூறுவர். சாவி தொலைந்ததற்காக வீட்டுச் சுவரை இடித்துவிடுவதற்கு ஒப்பானது அது. கணினியின் பொது அடைவுகளில் அவ்வாறு செய்தால், ஒரு குறை ஒன்பதாகும்.

வீட்டு அடைவுக்கு வெளியே, தற்காலிகக் கோப்புகளை வைக்கும் ‘டெம்ப்’ என்னும் பொது அடைவும் கவனிக்கத்தக்கது. சந்தைத் திடல்போல அங்கே யாவரும் பொருள் வைக்கலாம். ஒருவர் பொருளை மற்றொருவர் அகற்றலாகாது. அதற்குரிய அனுமதி எண் 1777. யாரேனும் அதனை மாற்றியிருந்தால் அக்கணினியின் எல்லாப் பயனரும் வாயிலில் திரும்புவர். எண்ணைப் பழையபடி ஆக்கினால் எல்லோரும் உள்ளே செல்வர்.

மூன்றாவது, வட்டே எழுத்தை மறுத்தல். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலை நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், வட்டின் கணக்கேடு இடையில் அறுபடக்கூடும். மறுமுறை எழும்போது அதில் முரண்பாடு கண்டால், மேலும் கெடாதிருக்கும்பொருட்டு லினக்ஸ் வட்டினைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, எழுதுவதைத் தடுத்துவிடும். எழுத்துத் திரையில் எதைச் செய்ய முயன்றாலும் ‘ரீட் ஒன்லி’ என்னும் விடை வருவது இதன் அடையாளம். வட்டே தேய்ந்து இறக்கும் நிலையிலும் இதே அடையாளம் தோன்றும் ஆகையால், இங்கே திருத்துவதற்கு முன் பிரதியெடுப்பதே கடமை.

எழுத்துக்குத் தடையில்லை எனில் வேறு இரு காரணங்களை நோக்கலாம். ஒன்று, தொடக்கக் கட்டளைக் கோப்புகளில் நேர்ந்த பிழை. ‘புரொஃபைல்’ என முடியும் அக்கோப்புகளில் யாரோ கூறியபடி புதிய வரியொன்றைச் சேர்த்த மறுநாள் குறை தோன்றியிருந்தால், அவ்வரியே ஐயத்துக்குரியது. மற்றது, திரைக்கு உருவம் வழங்கும் வரைகலை அட்டையின் இயக்கி. என்விடியா நிறுவனத்தின் அட்டையுள்ள கணினியில், லினக்ஸின் கரு புதுப்பிக்கப்பட்டு இயக்கி அதனோடு பொருந்தாதிருந்தால் அமர்வு எழாது. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கருவைத் தெரிவுசெய்து பார்த்தால் இது தெளிவாகும். தாய்ப்பலகையோடு சேர்ந்த இன்டெல் வரைகலையே பழைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் இருப்பதால், அங்கே இவ்வையம் கடைசியாக வரவேண்டியது.

இவற்றுள் எது என்று துணிய முடியாதபோது எளிய சோதனையொன்று உண்டு. எழுத்துத் திரையிலிருந்து ‘சுடோ அட்யூசர்’ என்னும் கட்டளையால் புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி, முன்வாயிலில் அவர் பெயரால் நுழைந்து பார்க்க வேண்டும். புதியவர் தடையின்றி உள்ளே சென்றால், குறை பழையவருடைய வீட்டு அடைவுக்குள் இருக்கிறது. புதியவரும் திரும்பினால், குறை பொது இடத்தில் இருக்கிறது. வட்டின் இடம், டெம்ப் அடைவு, வரைகலை இயக்கி ஆகியவற்றில் தேடுதல் வேண்டும். தேடவேண்டிய இடம் ஒரே சோதனையில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ‘எக்ஸ் செஷன் எரர்ஸ்’ என்னும் பதிவுக் கோப்பு வீட்டு அடைவில் இருப்பின், அதன் கடைசி வரிகளும் சாட்சி கூறும்.

எழுத்துத் திரையைக் கண்டாலே கை நடுங்குவோருக்கும் வழியுண்டு. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், வட்டில் எதையும் நிறுவாமலே சாளரங்களோடு கூடிய முழுத் திரை எழும். தமிழ்ப் பெயர்கள் அங்கே தமிழாகவே தோன்றும். பழைய வட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை வெளிவட்டொன்றுக்குப் பிரதி செய்யலாம். அத்திரையில் ‘இன்ஸ்டோல்’ என்னும் படத்தை மட்டும் தொடாதிருக்க வேண்டும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதற்குரிய சொல்லைக் கேட்கும். அது தெரியாமல் யாராலும் திறக்க இயலாது. இப்பிரதி கையில் வந்தபின், அழித்து நிறுவுவதாயினும் ஆபத்தில்லை. பிரதி இல்லாத நேரத்தில் அதுவே பேராபத்து.

உவர்மலை வீட்டுக்குத் திரும்புவோம். பேத்தி தன் கைப்பேசியில் வழிமுறையைப் படித்துச் சொல்ல, ஆசிரியர் எழுத்துத் திரையில் நுழைகிறார். தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் கட்டங்களைக் கண்டு ஒரு கணம் திகைத்தாலும், காரணம் அறிந்தபின் மேலே செல்கிறார். வட்டு 61 விழுக்காடே நிறைந்திருக்கிறது. ஆகவே இடமின்மை அன்று. அடுத்து மறைந்த கோப்புகளின் பட்டியல். எக்ஸ் அத்தாரிட்டிக்கு நேரே ‘ரூட்’ என்னும் சொல் நிற்கிறது. முதல்நாள் மருமகன் எழுத்துத் திரையிலிருந்து ‘சுடோ ஸ்டார்ட் எக்ஸ்’ என்று தட்டிச் சாளரத்தைத் திறந்துபார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியமே. அதன் தடம் மட்டும் வீட்டுக்குள் தங்கிவிட்டது. பெயர்மாற்றும் வரியொன்றைத் தட்டி, கணினியை மீளத் தொடங்குகிறார். கடவுச்சொல்லை இட்டதும் திரை கறுக்கிறது. அடுத்த கணம் பழைய மேசைத் திரை விரிகிறது. காணி உறுதிகளும் புகைப்படங்களும் தத்தம் தமிழ்ப் பெயரோடு இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இச்சம்பவத்திலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் கொள்ளத்தக்க ஏற்பாடுகள் மூன்று. அரிய கோப்புகளுக்கு வெளிவட்டில் ஒரு பிரதியும், வேறொரு வீட்டில் மற்றொரு பிரதியும் இருத்தல் வேண்டும். ஒரே வீட்டில் உள்ள இரு பிரதிகளையும் வெள்ளம் ஒன்றாகவே கொண்டுபோகும் என்பதைக் கரையோர மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கணினியில் அவசரத்துக்கென இரண்டாவது பயனர் கணக்கொன்று இருத்தல் நலம். மேலே கூறிய விசைகளையும் கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகே வைத்தல் அதனினும் நலம். குறை நேரும் வேளையில் கணினிக்குள் இருக்கும் குறிப்பு கைக்கு எட்டாது.

அன்றிரவு ஆசிரியர் செய்த முதற் காரியமும் அதுவே. பேத்தி சொல்லச் சொல்ல, கட்டளைகளை ஒரு பயிற்சிக் கொப்பியின் பின்னட்டையில் பேனையால் எழுதினார். பின்னர் காணி உறுதிகளைப் பென்டிரைவ் ஒன்றில் பிரதி செய்து, காலையில் கொழும்புக்குப் போகும் மருமகனிடம் கொடுத்தனுப்புவதற்காக ஓர் உறையில் இட்டு ஒட்டி வைத்தார்.